கடல்வழிச் சத்திரம்

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் தமிழர் இருவர் சந்தித்துப் பேசத் தொடங்கினால், சொந்த ஊர் எது, வேலை என்ன என்பவற்றை அடுத்து ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "வந்த அன்று எங்கே தங்கினீர்கள்?" மாட்டுங்காவாக இருக்கட்டும், கரோல் பாக்காக இருக்கட்டும், கல்கத்தாவின் ஏதோ ஒரு சந்தாக இருக்கட்டும், பதில் சொல்பவரின் முகம் சற்றே கனிவதைக் கவனித்திருக்கிறேன். முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன் கழிந்த ஒரே ஓர் இரவுதான் அது. ஆயினும், டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்த அந்தத் திண்ணையும், அந்த மெஸ்ஸின் மாடிப்படியும், மறுநாள் காலை யாரோ கொடுத்த ஒரு தம்ளர் காபியும் மறந்துபோவதில்லை.

நான் அந்தமானுக்குக் கப்பலில் வந்தவன். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று நாள் கடல். என் சட்டைப்பையில் இருந்தது ஒரு கடிதம் மட்டுமே. முன்பின் அறியாத ஒரு குடும்பத்துக்கு, எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அந்தக் கடிதத்தை அவர்கள் பிரித்துப் படிப்பதற்கு முன்பே எனக்கு இலை போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து, வழிப்போக்கனை ஏற்றுக்கொள்ளும் வீடுகளின் சரித்திரத்தில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டாயிற்று. இந்தத் தீவுகளில் அந்தச் சரித்திரம் எப்படிப்பட்டது என்று தேடியபோது கிடைத்தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வழிப்போக்கர் விடுதி என்றவுடன் ஆங்கில நூல்களைப் படித்தவர்களுக்கு நினைவு வருவது அந்த நாட்டுக் கிராமப்புற விடுதியே. கணப்பில் விறகு எரியும். கூடத்தில் நீண்ட மேஜை இருக்கும். முற்றத்தில் குதிரைகள் நிற்கும். வாசலில் படம் எழுதிய பலகை ஒன்று தொங்கும். அந்தப் பலகைக்கே ஒரு கதை உண்டு. பார்லி மது விற்போர் வாசலில் அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில், 1393இல், சட்டம் செய்தார்கள். எழுத்தறியாத மக்களுக்குப் படம்தானே பெயர்! சிங்கம், மணி, அம்மன்னனின் சின்னமாகிய வெண்மான் என்று இப்படிப் பெயர் பெற்ற விடுதிகள் அந்நாடெங்கும் இன்றும் இருக்கின்றன. அதற்கு முன்பெல்லாம் யாத்திரிகருக்குச் சோறும் படுக்கையும் தந்தவை பெரும்பாலும் கிறிஸ்தவத் துறவிகளின் மடங்கள். எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் 1540 வரை அம்மடங்களைக் கலைத்துவிடவே, வழிப்போக்கரைத் தாங்கும் பொறுப்பு முற்றிலும் விடுதிக்காரன் தலையில் விழுந்தது. 1784இல் தபால் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது சாலையோர விடுதிகளுக்கு உச்சகாலம் வந்தது. அடுத்த அறுபது வருஷங்களுக்குள் ரயில் வந்து அவற்றில் பலவற்றின் முற்றங்களில் புல் முளைத்துவிட்டது. லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், 1676ஆம் வருஷத்துத் தீவிபத்துக்குப்பின் மறு வருஷமே கட்டப்பட்ட ஜார்ஜ் விடுதி, மரத் தாழ்வாரங்களோடு இன்னும் நிற்கிறது.

அந்த விடுதிகளைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று அவர்களுடைய சட்டத்தில் இருக்கிறது. கட்டணம் கொடுக்கக்கூடிய பிரயாணி ஒருவன், நடத்தையில் பழுதில்லாமல் வந்து கதவைத் தட்டினால், இடம் இருக்கும்வரை விடுதிக்காரன் அவனை மறுக்கக் கூடாது. அவன் கொண்டுவந்த மூட்டை தொலைந்தால் விடுதிக்காரனே பொறுப்பு. இது எத்தனையோ நூற்றாண்டுகளாக வழங்கிவரும் விதி. தெரியாதவன் என்பதற்காக ஒருவனைத் துரத்தக் கூடாது என்பதை வெறும் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல், தொழிலின் நிபந்தனையாகவே வைத்தார்கள். ஆனால், "கட்டணம் கொடுக்கக்கூடிய" என்ற சொற்களையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டுச் சத்திரத்தில் அந்தச் சொற்களுக்கு இடமில்லை. காவிரிப்பூம்பட்டினத்து அன்னசாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவில் ஆறுபோல் ஓடியதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. பரிசு பெற்றுவந்த பாணன் மற்றொரு பாணனுக்கு, இந்த வழியே போ, இன்னாரிடம் இன்ன உணவு கிடைக்கும் என்று சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கி, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரும் வைத்தவர்கள் நாம். மதுரை ரயிலடிக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைக் காணாத தமிழர் குறைவு. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியெல்லாம் மராட்டிய மன்னர்கள், பெரும்பாலும் தங்கள் அரச மகளிர் பெயரால், சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி முத்தம்பாள் பெயரால் கட்டிய சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. கம்பெனியார் தஞ்சையின் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிறகு, 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டை எடுத்துக்கொண்டீர்கள், இந்தச் சத்திரங்களுக்கு மட்டும் பங்கம் வராதிருக்கட்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. சத்திரத்தில் என்னென்ன நடக்கும் என்பதையும் அதில் விவரித்திருக்கிறார். வருகிறவர்க்கெல்லாம் உணவு உண்டு. நோயுற்று வந்தால் மருந்தும் பத்தியமும் உண்டு. வழியில் வந்த கர்ப்பிணிக்கு அங்கேயே பிரசவம் பார்ப்பார்கள். இறந்தால் அவரவர் முறைப்படி ஈமக்கடன் நடக்கும். தாய் தந்தையர் இறந்துபோன குழந்தையை ஆசிரியரிடம் விட்டுப் படிக்க வைப்பார்கள். இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு அப்பால், சரபோஜியின் பெயரையே கேட்டறியாத ஒரு மக்களிடம் இதை மறுபடி பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்தமான். இந்தத் தீவுகளில் பழைய சத்திரம் ஒன்றேனும் உண்டா என்று தேடுகிறவர் ஏமாந்துதான் போவார். காரணம் எளிது. விடுதி இருக்க வேண்டுமானால் விரும்பி வருகிறவர்கள் இருக்க வேண்டும். வந்தவர்கள் நினைத்தபோது போகவும் முடிய வேண்டும். 1858ஆம் வருஷம் மார்ச் 10ஆம் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கிய நாள் முதல், இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்குத் தங்குமிடம் சர்க்கார் செலவில் ஏற்பட்டிருந்தது. 1896இல் தொடங்கிப் பத்து வருஷம் கட்டிய செல்லுலர் சிறையில் ஆளுக்கு ஓர் அறை! அதைவிடத் தாராளமான ஏற்பாட்டை எந்த விடுதிக்காரன் செய்ய முடியும்?

அதிகாரிகளுக்கு ராஸ் தீவில் சங்கமும் நடனக் கூடமும் ரொட்டிச் சாலையும் இருந்தன. மவுண்ட் ஹாரியட் குன்றின்மேல் கோடைக்கால பங்களா ஒன்றும் இருந்தது. 1872 பிப்ரவரி 8ஆம் தேதி வைஸ்ராய் மேயோ பிரபு அந்தக் குன்றில் சூரியாஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கி வந்து, கீழே ஹோப்டவுன் துறையில் படகேறும் தறுவாயில், ஷேர் அலி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். இத்தீவுக்கு வந்த மிகப் பெரிய விருந்தாளி அவர்; திரும்பிப் போகவில்லை.

"இல்லம்" என்ற பெயராலேயே இங்கு ஒன்று நடந்தது. 1863இல் பாதிரியார் கார்பின் ராஸ் தீவில் "அந்தமான் இல்லம்" என்பதை நிறுவினார். காட்டு மக்களை அழைத்துவந்து உணவும் உடையும் தந்து பழக்குவது நோக்கம். அழைத்துவரப்பட்டவர்கள் தொடக்கத்தில் தம் விருப்பம்போல் திரும்ப முடியவில்லை. பின்னர் பல இடங்களில் இத்தகைய இல்லங்கள் பெருகின. அவற்றில் கூடியவர்களிடையே அவர்கள் உடல் அதுவரை அறியாத நோய்களும் பெருகின. 1877இல் தட்டம்மை வந்தது. சில ஆயிரம் பேர் இருந்ததாகக் கருதப்படும் பெரிய அந்தமானியர் 1901ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 625 பேர். 1931இல் 90, 1961இல் 19. வீட்டுக்குரியவர்களை விருந்தாளிகளாக்கி, வந்தவர்கள் வீட்டுக்காரர்களாகிவிட்ட கதை இது. இதை நினைத்தால் எனக்கு ராஸ் தீவின் இடிந்த சுவர்களைச் சுற்றிப் பார்க்கவே மனம் வருவதில்லை. 2018இல் அத்தீவுக்கு நேதாஜியின் பெயர் சூட்டப்பட்டது. போர்ட் பிளேருக்கும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிற்று. சுவர்கள் அப்படியே இருக்கின்றன. ஆலமர வேர்கள் அவற்றைக் கவ்விப் பிடித்திருக்கின்றன.

ஆகவே விருந்தின் சரித்திரத்தைத் தேடி நாம் பத்து டிகிரிக் கால்வாயைக் கடந்து தெற்கே போக வேண்டும். அங்கே இருப்பது நிக்கோபார். நம் முன்னோர் அறிந்த பெயரில் சொன்னால் நக்கவாரம். முதலாம் இராசேந்திரன் 1025இல் கடல் கடந்து வென்ற இடங்களை அடுக்கும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, மாநக்கவாரத்தையும் அவற்றோடு சேர்க்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் போகும் கப்பலுக்கு வங்கக் கடலின் நடுவே தண்ணீரும் தேங்காயும் கிடைக்கும் இடம் அது. சாலைக்குச் சத்திரம் எப்படியோ, அந்தக் கடல்வழிக்கு நக்கவாரம் அப்படி. படை போவதற்கு நெடுங்காலம் முன்பே மரக்கலங்கள் அங்கே நின்று இளைப்பாறியிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் கடாரத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த சீன யாத்திரிகர் இத்சிங், வழியில் ஆடையற்றவர் நாடு என்று ஒரு தீவைச் சொல்கிறார். கப்பல் கண்ணில் பட்டதும் அம்மக்கள் சிறு படகுகளில் விரைந்து வந்து தேங்காயும் வாழைப்பழமும் பிரம்புச் சாமான்களும் நீட்டினார்களாம். அவர்கள் கேட்டது இரும்பு மட்டுமே. இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கொடுத்தார்களாம். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வணிகர்களும் இதே காட்சியை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் மணிமேகலையிலும் ஒரு கதை இருக்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் என்னும் வணிகன், கலம் கவிழ்ந்து, ஒடிந்த மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு, நக்க சாரணர் என்னும் நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். களைத்து உறங்கும் அவனைத் தின்றுவிடலாம் என்று எழுப்புகிறார்கள். அவன் அவர்கள் பாஷையிலேயே பேசுகிறான். அவ்வளவுதான், எல்லாம் மாறிவிடுகிறது. அவர்களுடைய தலைவன் கள்ளும் இறைச்சியும் கொடுத்து உபசரிக்கச் சொல்கிறான். கடைசியில் சந்தனமும் அகிலும் துணியுமாகக் குவித்து, வந்த கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். நக்க சாரணர் மலையும் நக்கவாரமும் ஒன்றா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெயர் ஒற்றுமையைக் கொண்டு ஒன்று என்பாரும் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சாதுவனை உணவாகக் கருதியவர்களே அவன் ஒரு வார்த்தை பேசியதும் அவனை விருந்தாகக் கருதினார்கள் என்பது. புது ஊரில் முதல் நாள் கடைக்காரனிடம் அந்த ஊர்ப் பாஷையில் தட்டுத்தடுமாறி இரண்டு சொல் பேசிப் பார்த்த நமக்கு இது புரியாமற்போகாது.

இப்பொழுது கார் நிக்கோபாருக்கு வருவோம். நிக்கோபார்த் தீவுகளில் வடகோடியில் உள்ளது, சுமார் 127 சதுரக் கிலோமீட்டர் பரப்பு, நெடுகிலும் தென்னை. இங்கே குடும்பம் என்பது துஹெட் என்னும் பெருங்குடும்பம். நிலமும் தென்னையும் பன்றியும் அதற்குப் பொதுச் சொத்து. வீடுகள் தேன்கூட்டைக் கவிழ்த்தாற்போல வட்டமாக, புல் வேய்ந்து, ஆளுயரக் கால்களின்மேல் நின்றன. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். வீட்டின் அடியில், நிழலில், வருகிறவர் உட்காரப் பலகைகளும் ஊஞ்சல்களும் இருந்தன. நம் திண்ணையை அவர்கள் வீட்டுக்குக் கீழே வைத்திருந்தார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வீட்டை அன்று, எல்பனத்தை. ஒவ்வொரு கிராமத்துக்கும் கடற்கரையில் ஒரு பொது இடம் உண்டு. அதற்குத்தான் எல்பனம் என்று பெயர். குடும்பங்களின் வீடுகளும் தோட்டங்களும் உள்ளே தள்ளியிருக்க, எல்பனம் மட்டும் அலையின் ஓரத்தில் இருக்கும். ஊர்க்கூட்டம் கூடுவது அங்கே. ஓடங்களைக் கரையேற்றி வைப்பது அங்கே. அயல் கிராமத்தார் வந்தால் தங்க வைத்து விருந்து செய்யும் பெரிய வீடுகளும் அங்கேயே. அவை தனிக் குடும்பத்தின் பெருமைக்கு என்று இராமல், ஊரின் பெயரால் விருந்தினரை ஏற்பவை. இத்தோடு நின்றிருந்தால் நம் ஊர்ச் சாவடியைப் போல ஒன்று என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த எல்பனத்திலேயே பிரசவத்துக்கு என்று ஒரு வீடும், இறுதி நெருங்கியவர்களைக் கொண்டுவந்து வைக்க ஒரு வீடும் இருந்தன. சொந்த வீட்டில் அவ்விரண்டும் நிகழலாகாது என்பது பழைய வழக்கம். ஆக, வெளியூரிலிருந்து வருகிறவரும், இவ்வுலகுக்குப் புதிதாக வருகிறவரும், இங்கிருந்து புறப்படுகிறவரும் ஒரே மணற்பரப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். சரபோஜியின் கடிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? தீட்டு என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் சொல்லக்கூடும். இருக்கட்டும். தீட்டுக்கு அஞ்சியவர்கள் அதை ஊருக்கு வெளியே ஒதுக்கி மறந்துவிடாமல், ஊரின் முகப்பில், விருந்தினரை வைக்கும் இடத்திலேயே வைத்தார்களே என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது.

விருந்து என்றால் அவர்களிடம் விளையாட்டுக் காரியம் அன்று. இறந்தோர் எலும்புகளை எடுத்து மறுபடி சடங்கு செய்யும் பெருவிழாவுக்கு ஒரு கிராமம் பிற கிராமங்களை அழைத்தால், அதற்கு வருஷக் கணக்கில் ஆயத்தம் செய்தார்கள். பன்றிகள் போதவில்லை, கிழங்குத் தோட்டம் விளையவில்லை என்றால் விழா தள்ளிப்போகும். குறைவாக இலை போடும் பேச்சே இல்லை. விருந்தினர் அலங்கரித்த ஓடங்களில் வருவார்கள். வந்து இறங்கியதும் இளநீர். பிறகு தாழையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பழத்தை வேகவைத்து, நாரைக் களைந்து, பிசைந்த மாவு, சேப்பங்கிழங்கு போன்ற கிழங்குகள், பன்றி இறைச்சி, தென்னங்கள். சைவ உணவுக்காரரான நேயர்கள் இளநீரோடும் கிழங்கோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

எல்பனத்தின் அருமை முழுதும் விளங்க வேண்டுமானால் சௌரா யாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் நிக்கோபாருக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு சௌரா. சுமார் எட்டுச் சதுரக் கிலோமீட்டர். நிக்கோபார் மக்கள் சமைக்கும் மட்பாண்டம் அந்தத் தீவில் மட்டுமே வனையப்படும், வனைபவர்கள் பெண்கள். அதற்குரிய களிமண்ணோ அங்கே கிடையாது. பக்கத்துத் தெரசாத் தீவிலிருந்து வர வேண்டும்! மண் ஓரிடத்தில், வனையும் உரிமை வேறிடத்தில், அடுப்பு மூன்றாம் இடத்தில். பெரிய ஓடங்களையும் நடுத்தீவுகளில் வாங்கி வடக்கே விற்பவர்கள் சௌராவாசிகளே. சௌராக்காரர் மாந்திரீகத்தில் வல்லவர் என்ற அச்சமும் மற்றத் தீவினருக்கு இருந்தது. ஆகையால் கார் நிக்கோபார் ஆடவர்கள் பருவக்காற்றுப் பார்த்து ஓடம் கட்டிப் புறப்பட்டால், அது பாதி வியாபாரம், பாதி யாத்திரை. முதல் தடவை போகும் இளைஞனுக்குத் தனி விரதங்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் சௌராவில் ஒரு நண்பர் வீடு இருக்கும். காற்று திரும்பும்வரை அங்கேதான் தங்கல். அடுத்த முறை சௌராக்காரன் இங்கே வந்தால் இவன் வீட்டில் தங்குவான். பணம் கைமாறாத விடுதி முறை இது. நம் ஊர்களில் உப்பு வண்டிக்காரருக்கும் மாட்டு வியாபாரிக்கும் வழியெல்லாம் இப்படித் தெரிந்த வீடுகள் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கடல் தாண்டி வந்த அயல்நாட்டார் இந்த விருந்தை எப்படி ஏற்றார்கள்? மலாய்க்காரர், பர்மியர், சீனர், நம் கரையோர வணிகர் எனப் பலரும் கொப்பரைக்காக வந்து பல மாதங்கள் கரையில் குடிசை போட்டுத் தங்கினர். விலையெல்லாம் தேங்காய்க் கணக்கில்தான். ஐரோப்பியக் கப்பல் தலைவர்களிடம் கிராமத் தலைவர்கள் ஒரு காகிதம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வார்கள்: இவன் நல்லவன், நம்பலாம் என்று. அடுத்த கப்பல் வந்ததும் அந்தக் கட்டை எடுத்து நீட்டுவார்கள். ஆங்கில விடுதிகளில் விருந்தினர் எழுதும் குறிப்பேடு மேஜைமேல் கிடக்குமே, அது இங்கே ஓலைப் பெட்டியில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது வைத்திருப்பவருக்குத் தெரியாது; ஆகவே குறும்புக்காரத் தலைவர்கள் சிலர் வேறு விதமாகவும் எழுதிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்க வந்தவர்கள் நிலைக்க நினைத்தபோதெல்லாம் தீவு அவர்களை ஏற்கவில்லை. தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த டேனிஷ்காரர் 1756 முதல் இத்தீவுகளைத் தமதென்று கொண்டாடினர். தரங்கம்பாடியிலிருந்து புறப்பட்ட மொரேவியப் பாதிரிமார் 1768இல் நான்கௌரியில் குடியேறி, காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராக மடிந்து, 1787இல் கைவிட்டனர். பின்னர் நான்கௌரித் துறைமுகத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. அங்கே ஒதுங்கிய சில கப்பல்களின் மாலுமிகள் கொல்லப்பட்டார்கள். கடற்கொள்ளை என்றது சர்க்கார்; வந்தவர்கள் எங்கள் பெண்களிடம் முறைதவறி நடந்தார்கள் என்றனர் தீவினர். இரு பக்கமும் பிழை இருந்திருக்கலாம். அதைக் காரணம் காட்டி 1869இல் ஆங்கிலேயர் தீவுகளை எடுத்துக்கொண்டு, நான்கௌரித் துறையருகே கமோர்ட்டாவில் கைதிக் குடியிருப்பு ஒன்றை வைத்தனர். அதுவும் 1888இல் கலைந்தது.

அங்கே நிலைத்த அயலார் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை, அவர் தமிழர். வேதப்பன் சாலமோன் என்று பெயர். சென்னைப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவ உபதேசியார். 1890களில் கார் நிக்கோபாரின் வடகரையில் உள்ள மூஸ் கிராமத்தில் குடியேறினார். சர்க்காருக்கு ஏஜெண்டும் அவரே, பள்ளிக்கு உபாத்தியாயரும் அவரே, சுரத்துக்கு மருந்து கொடுப்பவரும் அவரே. வருகிற கப்பல்களைக் கணக்கெடுப்பதும் அவர் வேலை. அவர் தீவின் மொழியைக் கற்றார். தினமும் டயரி எழுதினார். எந்தக் கிராமத்தில் விருந்து, யார் அழைத்தார்கள், எப்படி நடந்தது என்றெல்லாம் அவர் குறித்து வைத்தவற்றை சர் ரிச்சர்டு டெம்பிள் தம் 1901ஆம் வருஷத்து ஜனத்தொகை அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். எல்பனத்தைப் பற்றியும் விழாக்களைப் பற்றியும் பிற்காலத்து வெள்ளைக்காரப் பாதிரிமார் எழுதிய நூல்களுக்கெல்லாம் ஆதாரங்களில் ஒன்று இந்தத் தமிழரின் டயரி. அவர் கைப்பிடித்து வளர்த்த நிக்கோபார்ச் சிறுவன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் ஆனான். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தவர் அவர். 1952இல் முதல் லோக்சபையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராக அமர்ந்தவரும் அவரே. கிறிஸ்தவம் பரவிய பிறகு எலும்பு விழாக்கள் மங்கின. எல்பனம் மங்கவில்லை, கிறிஸ்துமஸ் விருந்தும் ஓடப் பந்தயமும் அங்கே நடந்தன.

1956இல் நம் சர்க்கார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. அதனால் கார் நிக்கோபாருக்கு வெளியார் அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது. உல்லாசப் பிரயாணிகளுக்கான ஹோட்டல்கள் அங்கே முளைக்காததற்கு அதுவே காரணம். வருந்துவோர் உண்டு, நான் அவர்களில் ஒருவனல்லன். அந்தமான் இல்லத்தின் கதையை அறிந்தவர் வருந்தமாட்டார்.

பிறகு 2004 டிசம்பர் 26. கடல் வந்தது. எல்பனம் அலையின் ஓரத்தில் இருந்தது என்று முன்பே சொன்னேன். கார் நிக்கோபாரின் கடற்கரைக் கிராமங்களில் வீடு, தென்னை, ஓடம், விருந்து மண்டபம் எதுவும் மிஞ்சவில்லை. கச்சால் தீவில் மாண்டோர் தொகை மிகப் பெரிது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்திய தீவு அது. தப்பியவர்களில் பலரைக் கப்பலிலும் விமானத்திலும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடங்களே முகாம்கள் ஆயின.

அந்த நாட்களில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன். நகரத்தில் வங்காளிகளும் தெலுங்கரும் மலையாளிகளும் தமிழரும் ராஞ்சிக்காரரும் தத்தம் வீட்டிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். ஆயிரம் வருஷங்களாகக் கடலில் வந்தவனுக்கெல்லாம் இளநீர் நீட்டிய மக்கள், எங்கள் முன் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒரு முதியவர் வரிசைக்கு வரவில்லை. தூணோரம் உட்கார்ந்திருந்தார். அருகே சென்று தட்டை நீட்டியபோது, முதலில் என்னை உட்காரச் சொன்னார். அமர்ந்தேன். தம் பங்கு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் இரண்டு வைத்துவிட்டுத்தான் அவர் தட்டை வாங்கினார். பிறகு ஹிந்தியில் ஒரே கேள்வி கேட்டார்: "கப்பல் எப்போது?"

அவர்களில் பலர் நிவாரணத்தைவிடக் கருவிகளைத்தான் கேட்டார்கள். கத்தியும் ரம்பமும் சுத்தியலும் கொடுங்கள், எங்கள் வீட்டை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். கிடைத்தவை தகரக் கொட்டகைகள். கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஒன்றன் பின் ஒன்றாக, வெயிலில் கொதிக்கும் வரிசைகள். நிவாரணப் பணமும் பின்னால் வந்த நிலையான வீடுகளும் கணவன், மனைவி, குழந்தைகள் என்று சிறு குடும்பக் கணக்கில் பங்கிடப்பட்டன. துஹெட் என்ற பெருங்குடும்பத்துக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. விருந்தினரை வைக்க ஊருக்கு ஒரு பொது இடம் வேண்டும் என்று எந்தப் பொறியாளருக்கும் தோன்றவில்லை; அவ்வளவே. தஞ்சைச் சத்திரங்களின் கணக்கைப் பார்த்த கம்பெனி அதிகாரிக்கும் அது வீண்செலவாகத்தானே தோன்றியிருக்கும்?

அதற்குச் சில வருஷங்கள் கழித்து, எனக்குத் தெரிந்த தமிழாசிரியை ஒருவருக்குக் கார் நிக்கோபாரில் உள்ள பள்ளிக்கு மாற்றல் வந்தது. போர்ட் பிளேரிலிருந்து ஓர் இரவுக் கப்பல். தனியாகப் போகிறோமே, அங்கே எங்கே தங்குவது, யாரைத் தெரியும் என்ற கவலையோடு புறப்பட்டார். போய்ச் சேர்ந்த வாரம் கடிதம் எழுதினார். குவார்ட்டர்ஸ் சாவி கிடைக்க இரண்டு நாள் ஆயிற்றாம். துறையில் இறங்கியதும் ஒரு மாணவியின் தாய் அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாளாம். பெயரைக்கூடக் கேட்கவில்லை, தகரக் கொட்டகைதான், உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர். சுனாமிக்குப் பிறகு நட்ட தென்னைகள் காய்க்கத் தொடங்காததால் இளநீருக்குப் பதிலாகக் கடுந்தேநீர் கொடுத்தாளாம். கொடுக்கும்போது மன்னிப்பும் கேட்டாளாம்.